பர்ன்அவுட்டா, டிப்ரஷனா, தெரபிக்குப் போலாமா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

இது மருத்துவ ஆலோசனை இல்ல, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மண்டைக்குள்ள ஓடுற கேள்விகளுக்கு தெரிஞ்ச அளவு பதில். பர்ன்அவுட்னா வேலை அழுத்தத்துல சக்தியெல்லாம் வத்திப்போறது, டிப்ரஷன்னா மனச்சோர்வு, தெரபின்னா பயிற்சி எடுத்தவங்ககிட்ட பேசி எடுத்துக்கற மனநல சிகிச்சை. ஆனா ஒண்ணு, இப்போ உங்களுக்கு உயிரோட இருக்கவே வேணாம்னு எண்ணம் வந்துட்டு இருந்தா மத்ததெல்லாம் அப்பறம் படிக்கலாம், நேரா கீழ "செத்துடலாம்னு தோணுது" கேள்விக்கு போயிடுங்க.

எனக்கு இருக்கறது பர்ன்அவுட்டா டிப்ரஷனா? எப்படி கண்டுபிடிக்கறது?

இதுதான் எல்லாரும் மொதல்ல கேக்கறது. உண்மையச் சொன்னா நெறைய பேர் இத கேக்கும்போதே "பர்ன்அவுட்னு சொல்லிடுங்க ப்ளீஸ்"ங்கற மாதிரிதான் கேப்பாங்க. ஏன்னா பர்ன்அவுட்னா நீங்க ரொம்ப உழைச்சவர்னு ஒரு கௌரவம் இருக்கு, டிப்ரஷன்னா ஏதோ மனசு பலவீனம்னு ஒரு பயம். இந்த கௌரவப் பிரச்சனையாலயே டிப்ரஷன் இருக்கற ஆளுங்க ரெண்டு மூணு வருஷம் "வேலை ஜாஸ்தி அதான்"னு சொல்லிட்டே ஓட்டிடறாங்க.

பர்ன்அவுட் வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆச்சுன்னா வயித்த பிசையும், ஆபீஸ் மெயில் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும், கூட வேலை பாக்கறவங்க மேல எரிஞ்சு விழுவீங்க, ஒரு காலத்துல ஆசையா பண்ண வேலைய வேண்டா வெறுப்பா பண்ணுவீங்க. ஆனா வேலைய விட்டு நாலு நாள் தள்ளி வந்தா பழைய ஆள் எட்டிப்பாப்பான். பிடிச்ச பாட்டு கேட்டா பிடிக்கும், ஃப்ரெண்ட்ஸ் கூட இருந்தா சிரிப்பு வரும்.

டிப்ரஷன் அப்படி ஆபீஸ் வாசல்லயே நிக்காது, வீட்டுக்குள்ளயும் கூடவே வரும். லீவு நாள்லயும் இருக்கும், பிடிச்ச பாட்டு கேட்டாலும் ஒண்ணும் தோணாது. பசி, தூக்கம், செக்ஸ் ஆசை, ஞாபகம், முடிவெடுக்கற திறன் எல்லாத்துலயும் கை வைக்கும். இன்னொரு முக்கியமான வித்தியாசம் தன்னப் பத்தின எண்ணம். பர்ன்அவுட்ல "இந்த வேலை கேவலமா இருக்கு"ன்னு தோணும், டிப்ரஷன்ல "நானே கேவலம், நான் இருக்கறதே எல்லாருக்கும் பாரம்"னு தோணும். இந்த ரெண்டாவது குரல் கேக்க ஆரம்பிச்சா தயவு செஞ்சு அத பர்ன்அவுட்னு பேர் வச்சு ஒதுக்கிடாதீங்க.

கோடு போட்டு பிரிக்கற மாதிரி எப்பவும் இருக்காது, ரெண்டும் ஒண்ணா இருக்கறதும் சகஜம். ஆராய்ச்சி பண்றவங்களே ரெண்டும் வேற வேறயா, இல்ல ஒரே விஷயத்தோட ரெண்டு முகமான்னு இன்னும் சண்ட போட்டுட்டுதான் இருக்காங்க. அதனால நீங்க வீட்ல உக்காந்து தனியா தீர்ப்பு சொல்லணும்னு இல்ல.

பர்ன்அவுட் ஒரு வியாதியா?

உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி இல்ல. 2019ல ஏத்துக்கிட்டு 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்த அவங்களோட நோய் வகைப்பாடு, ஐசிடி-11னு சொல்லுவாங்க, அதுல பர்ன்அவுட்ட வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலைன்னுதான் போட்டிருக்காங்க, மருத்துவ நோய்னு போடல. சரியா சமாளிக்கப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால வர்றது, அதுக்கு மூணு அடையாளம்: சக்தி வத்திப்போறது, வேலை மேல ஒரு விலகலும் வெறுப்பும் வர்றது, நம்மால உருப்படியா ஒண்ணும் பண்ண முடியலங்கற உணர்வு.

இந்த பேர மனநல உலகத்துக்குள்ள கொண்டு வந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்னு ஒரு உளவியலாளர். நியூயார்க்ல ஒரு இலவச க்ளினிக்ல வேலை பாத்தவங்க எப்படி கொஞ்சம் கொஞ்சமா காலியாகிப் போறாங்கன்னு பாத்து 1974ல எழுதினார். அப்பறம் கிறிஸ்டினா மாஸ்லாக்னு இன்னொரு உளவியலாளர், 1981ல அவங்களும் சூசன் ஜாக்சனும் சேர்ந்து அத அளக்க ஒரு கேள்வித்தாள் கொண்டு வந்தாங்க, இன்னிக்கும் ஆராய்ச்சில அதுதான் அதிகமா ஓடுது. மேல சொன்ன மூணு அடையாளத்தோட வேர் அங்கதான் இருக்கு.

நோய் இல்லன்னு எழுதிட்டதால அது சும்மான்னு அர்த்தம் கிடையாது. ஸ்வீடன்ல எல்லாம் 2005லயே நீண்டகால அழுத்தத்தால வர்ற சோர்வுன்னு தனியா ஒரு நோய்ப் பேரே சேர்த்து லீவு குடுத்தாங்க.

நான் வேலைக்கே போகல. வீட்ல உடம்பு முடியாதவங்கள பாத்துக்கறேன், குழந்தைங்கள பாத்துக்கறேன். எனக்கு பர்ன்அவுட் வராதா?

அந்த ஐசிடி வரையறை சம்பள வேலைக்கு மட்டும்னு கோடு போடுது, ஆனா உடம்புக்கும் மனசுக்கும் அந்த கோடு தெரியாதே. லீவே இல்லாத, சம்பளமும் இல்லாத, நன்றின்னு ஒரு வார்த்தை கூட வராத வேலை அது. பெத்தவங்களுக்கு வர்ற பர்ன்அவுட், நோயாளிய பாத்துக்கறவங்களுக்கு வர்ற பர்ன்அவுட் பத்தியெல்லாம் தனியா ஆராய்ச்சி நடக்குது. உங்க கேஸ்ல நான் பேர பத்தி கவலைப்பட மாட்டேன், ஆனா டிப்ரஷன் இருக்கான்னு சீக்கிரமா பாக்கச் சொல்லுவேன். ஏன்னா இந்த நிலைமைல இருக்கறவங்க தன்ன கவனிச்சுக்கறத கடைசியா வச்சுக்குவாங்க.

டிப்ரஷன்னா எப்பவும் அழுதுட்டே இருக்கணும்ல? நான் வேலைக்கு போறேன், ஜோக் அடிக்கிறேன், எல்லாம் பண்றேனே

அழுகையே வராத டிப்ரஷன் நெறைய உண்டு. அழ கூட வரமாட்டேங்குது, மரத்துப் போன மாதிரி இருக்குன்னுதான் பல பேர் சொல்லுவாங்க. டாக்டருங்க பாக்கற ஒன்பது அறிகுறி இருக்கு: மனசு தாழ்ந்து கெடக்கறது, எதுலயும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம போறது, பசியோ எடையோ மாறுறது, தூக்கம் கெடறது, உடம்பு மந்தமாகறது இல்லன்னா நிலைகொள்ளாம அல்லாடறது, களைப்பு, தான் எதுக்கும் லாயக்கில்லங்கற எண்ணமும் அர்த்தமில்லாத குற்ற உணர்ச்சியும், கவனம் நிக்காம போறது, சாவப் பத்தின எண்ணம். இதுல கொறஞ்சது அஞ்சு அறிகுறி ரெண்டு வாரமா கிட்டத்தட்ட தினமும் இருக்கணும், அதுல மொத ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், அதனால அன்றாட வாழ்க்கை பாதிச்சிருக்கணும். பாருங்க, மொத ரெண்டுல ஒண்ணு போதும்ங்கறாங்க. அதாவது சோகமே இல்லாம, வெறும் ஆர்வமின்மையா மட்டும் கூட டிப்ரஷன் வரும்.

தூக்கம் பசின்னதும் கொறையறதுன்னு மட்டும் நெனைக்காதீங்க, சில பேர் பன்னெண்டு மணி நேரம் தூங்குவாங்க, நிறுத்தாம சாப்பிடுவாங்க. சில பேருக்கு, குறிப்பா ஆம்பளைங்களுக்கு, கோவமா வெளிய வரும், இல்ல குடி ஜாஸ்தியாகும். இன்னும் சில பேருக்கு தலைவலி முதுகுவலின்னு உடம்பு வழியா பேசும், டாக்டர் மாத்தி டாக்டர் ஸ்கேன் மாத்தி ஸ்கேன்னு அலைவாங்க, எல்லாம் நார்மல்னு வரும்.

ஒரு வாரம் லீவு போட்டு எங்கயாவது போயிட்டு வந்தா சரியாயிடாதா?

பர்ன்அவுட்னா லீவு உதவும், ஆனா திரும்பி வந்து அதே வேலை, அதே ஆள் பத்தாக்குறை, அதே ராத்திரி பதினோரு மணி போன்னு இருந்தா ரெண்டு மூணு வாரத்துல பழைய கதைதான். டிப்ரஷனுக்கு லீவு அந்தளவு கூட உதவாது, சில சமயம் மோசமாக்கும். வேலைங்கற ஒரு ஒழுங்காவது இருந்துச்சு, அதுவும் போய் முழு நாளும் படுக்கைல மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கற மாதிரி ஆயிடும். அதனாலதான் ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் பாக்கறது இவ்ளோ முக்கியம். ஒண்ணுக்கு சொல்ற வைத்தியம் இன்னொண்ணுக்கு எதிரா போயிடும்.

பர்ன்அவுட்ட கண்டுக்காம விட்டா டிப்ரஷன் ஆகுமா?

ஆகலாம், எல்லாருக்கும் ஆகாது. ஏற்கனவே ஒரு தடவ டிப்ரஷன் வந்தவங்க, குடும்பத்துல யாருக்காவது இருந்தவங்க, தூக்கம் ரொம்ப நாளா கெட்டுப்போனவங்க கூடுதல் கவனமா இருக்கணும்.

ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் எடுத்தேன், 14னு வந்துச்சு. பயப்படணுமா?

ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேந்து 3 வரைன்னு இருந்துச்சுன்னா அது பிஹெச்கியூ-9. 2001ல வெளியானது, உலகம் முழுக்க டாக்டருங்க யூஸ் பண்றது, டுபாக்கூர் டெஸ்ட் இல்ல. மொத்தம் 27. அஞ்சுலேந்து லேசானது, 10லேந்து நடுத்தரம், 15லேந்து ஓரளவு கடுமை, 20லேந்து கடுமை. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா ஒரு நிபுணர்கிட்ட காமிச்சுடறது நல்லதுன்னு வச்சுக்கங்க, ஆக 14னா போய்ப் பாருங்க.

ஆனா அது சல்லடைதான், தீர்ப்பு இல்ல. போன வாரம்தான் வீட்ல ஒரு சாவு விழுந்துச்சுன்னா 18 கூட வரும், அதுக்காக டிப்ரஷன்னு முத்திரை குத்த முடியாது. இன்னொன்னு, கடைசி கேள்வி தன்னையே காயப்படுத்திக்கற எண்ணம் பத்தினது, மொத்த மார்க் கம்மியா இருந்தாலும் அந்த ஒண்ணுல 0 தவிர வேற எது வந்தாலும் யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்.

ப்ளட் டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. மனசுக்கு எதுக்கு ரத்தம்?

நல்ல டாக்டர்னு அர்த்தம். தைராய்டு கொறைவு, ரத்தசோகை, பி12 கொறைவு, தூக்கத்துல மூச்சு அடைபடற பிரச்சனை, சில மாத்திரைகளோட பக்க விளைவு, இதெல்லாம் அச்சு அசல் டிப்ரஷன் மாதிரியே வேஷம் போடும். தைராய்டால வர்ற சோர்வுக்கு மாசக்கணக்கா தெரபி போய் என்ன பிரயோஜனம்?

யார்கிட்ட போறது? சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், கவுன்சிலர், ஒண்ணும் புரியல

சைக்கியாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் மாதிரி டாக்டர் படிப்பு முடிச்சு அப்பறம் மனநலத்துல மேல படிச்சவர், மாத்திரை எழுதுவார். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படிச்சு நோயாளிங்கள பாக்க பயிற்சி எடுத்தவங்க, பரிசோதனையும் தெரபியும் பண்ணுவாங்க, பெரும்பாலான நாடுகள்ல மாத்திரை எழுத முடியாது. கவுன்சிலர்ங்கற பேர் ஊருக்கு ஊர் மாறும், சில இடத்துல முறையா லைசென்ஸ் உண்டு, சில இடத்துல ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சவங்களும் போர்டு மாட்டிக்கலாம். அதனால கூச்சப்படாம என்ன படிச்சிருக்கீங்க, எங்க பதிவு பண்ணிருக்கீங்க, டிப்ரஷனுக்கு எந்த முறைல பாப்பீங்கன்னு கேளுங்க. இதுக்கு கோவப்படற ஆள்கிட்ட போகாதீங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலன்னா வழக்கமா பாக்கற பொது டாக்டர்கிட்ட போய் சொன்னாலே போதும், அவங்க வழி காட்டுவாங்க.

தெரபில சும்மா பேசிட்டு இருப்பாங்க, அத ஃப்ரெண்ட்கிட்டயே பேசலாமே, காசு மிச்சம்?

ஃப்ரெண்ட்கிட்ட கண்டிப்பா பேசுங்க, அதுக்கு ஈடே கிடையாது. ஆனா ஃப்ரெண்டு நீங்க கஷ்டப்படறத பாத்து தாங்க முடியாம உடனே ஆறுதல் சொல்லுவார், அட்வைஸ் குடுப்பார், இல்ல "எனக்கும் அப்படித்தான்"னு அவர் கதைய ஆரம்பிப்பார். தெரபிஸ்ட் உங்க எண்ணம் எங்க எப்படி சுத்துதுன்னு பாத்து அந்த சுத்துல ஒரு எடத்த பிடிச்சு மாத்த பயிற்சி எடுத்தவங்க. அவங்களுக்கு உங்ககிட்ட எந்த உறவும் இல்ல, உங்கள சந்தோஷப்படுத்தணும்னு கட்டாயமும் இல்ல, அதுதான் அங்க பலமே.

முறைகள் பல இருக்கு. அதிகம் காதுல விழறது காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, சுருக்கமா சிபிடி. ஆரன் பெக்னு ஒரு சைக்கியாட்ரிஸ்ட் 1960கள்ல ஆரம்பிச்சது. டிப்ரஷன்ல இருக்கறவங்க மனசுல சடார் சடார்னு தானா வந்து போற சில எண்ணங்கள் இருக்கறத அவர் கவனிச்சார். உதாரணமா மேனேஜர் உங்க மெசேஜ பாத்துட்டு பதில் போடல. "நான் அனுப்பினது குப்பை, என்ன வேலைய விட்டு தூக்கப் போறாங்க"ன்னு ஒரு நொடில எண்ணம் வந்து, நெஞ்சு அடைச்சு, அன்னிக்கு முழுக்க வேலை ஓடாம, வேலை ஓடாததாலயே "பாத்தியா நான் லாயக்கில்ல"ன்னு முடிவாயிடும். சிபிடில இந்த சங்கிலிய எழுதி வைக்கச் சொல்லுவாங்க. அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன, வேற என்ன காரணம் இருக்கலாம்னு தோண்டுவாங்க. பாசிட்டிவா யோசிங்கன்னு சொல்றது இல்ல இது, அப்படி சொல்ற ஆளா இருந்தா அது சிபிடியே இல்ல. வீட்டுப்பாடம் உண்டு, அத பண்ணலன்னா பாதி பலன் போச்சு.

இன்னொன்னு எனக்கு ரொம்ப நியாயமா படறது பிஹேவியரல் ஆக்டிவேஷன். மனசு நல்லானதும் குளிக்கறேன், மனசு நல்லானதும் வெளிய போறேன்னு நாம காத்துட்டு இருப்போம், இவங்க அத தலைகீழா திருப்பறாங்க, மொதல்ல சின்னதா ஒரு வேலை, மனசு பின்னாடி வரட்டும். எந்த வேலை பண்ணப்போ மனசு எப்படி இருந்துச்சுன்னு மணிக்கு மணி குறிச்சு வச்சு, எதெல்லாம் கொஞ்சமாவது தூக்கி விடுதோ அத டைம்டேபிள்ல போட்டு பண்ண வைப்பாங்க. கேக்க சப்புன்னு இருக்கும். ஆனா 1996ல ஒரு ஆய்வுல முழு சிபிடியையும், அதுக்குள்ளயே ஒரு பகுதியா இருக்கற இத மட்டும் தனியாவும் குடுத்து பாத்தப்போ பலன்ல பெருசா வித்தியாசம் வரல.

உறவுல சண்ட, பிரிவு, இழப்பு, வேலை மாற்றம்னு ஒரு குறிப்பிட்ட விஷயத்துலேந்து டிப்ரஷன் கெளம்பியிருந்தா இன்டர்பெர்சனல் தெரபி, சுருக்கமா ஐபிடின்னு ஒண்ணு இருக்கு, அது உங்களுக்கும் சுத்தி இருக்கறவங்களுக்கும் நடுவுல நடக்கறத மையமா வச்சு போகும், வழக்கமா 12லேந்து 16 செஷன்.

என் பிரச்சனையே என் மேனேஜரும் வேலை பளுவும்தான். தெரபிஸ்ட் என்ன பண்ணிட முடியும்?

நியாயமான கோவம். ஒரு கம்பெனி ஆள் எடுக்காம மூணு பேர் வேலைய ஒருத்தர் தலைல கட்டிட்டு, அப்பறம் எல்லாருக்கும் மெடிட்டேஷன் ஆப் வாங்கி குடுக்கறது அயோக்கியத்தனம், அத தெரபின்னு சொல்லாதீங்க. மேல சொன்ன மாஸ்லாக்கும் அவங்க கூட ஆராய்ச்சி பண்ண மைக்கேல் லைட்டரும் பர்ன்அவுட்டுக்கு ஆறு எடத்துல காரணம் தேடச் சொல்றாங்க: வேலை அளவு, நம்ம கைல எவ்ளோ கட்டுப்பாடு இருக்கு, பலனும் அங்கீகாரமும், கூட வேலை பாக்கறவங்க உறவு, நியாயம், நம்ம மதிப்புகளும் வேலையும் ஒத்துப் போகுதா. ஆறும் வேலை இடத்துல இருக்கற விஷயங்கள். தனி ஆள மட்டும் ரிப்பேர் பண்ணி இத தீர்க்க முடியாது.

அப்போ தெரபி எதுக்கு? இந்த ஆறுல உங்கள அரிக்கறது எதுன்னு மொதல்ல தெளிவாகும். பல பேர் வேலை அளவுதான்னு நெனச்சுட்டு இருப்பாங்க, தோண்டினா அநியாயமா ப்ரமோஷன் போனதுதான் உள்ள எரிஞ்சுட்டு இருக்கும். அப்பறம் முடியாதுன்னு சொல்ல ஏன் வாய் வரலங்கறத பாக்கலாம், மேனேஜர்கிட்ட பேச வேண்டியத அங்கயே பேசிப் பழகலாம், வேலைய விடணுமா வேணாமான்னு பதட்டத்துல இல்லாம நிதானமா யோசிக்கலாம். கடுமையான டிப்ரஷன் நடுவுல ராஜினாமா கடுதாசி எழுதறத முடிஞ்சா தள்ளிப் போடுங்க, அப்போ எல்லாமே இருட்டாதான் தெரியும். ஆனா அந்த எடமே உங்கள நாசம் பண்ணுது, அவமானப்படுத்துது, மிரட்டுதுன்னா தள்ளிப் போடச் சொல்ல மாட்டேன்.

எத்தனை செஷன்ல சரியாகும்?

சிபிடி மாதிரி முறைகள்ல வாரம் ஒண்ணுன்னு அஞ்சுலேந்து இருபது வரைக்கும் போகும். ஆறு எட்டு செஷன் முடிஞ்சும் துளி கூட அசையலன்னா தெரபிஸ்ட்கிட்டயே நேரா கேளுங்க, முறைய மாத்தணுமா, மாத்திரை சேக்கணுமான்னு. மொத ரெண்டு மூணு செஷன்ல பழசக் கெளறினதால இன்னும் கனமா இருக்கறது சகஜம்.

மாத்திரை போட்டா அடிக்ட் ஆயிடுவேனா?

டிப்ரஷனுக்கு பொதுவா குடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைங்க போதை மாதிரி ஏங்க வைக்காது, டோஸ் ஏத்திட்டே போகணும்னும் தோணாது. ஆனா திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தூக்கக்கேடு, மண்டைல ஷாக் அடிச்ச மாதிரி உணர்வெல்லாம் வரலாம், அதனால டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாதான் கொறைக்கணும். தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்கற சில மாத்திரைங்க வேற வகை, பழக்கமாகும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பலன் தெரிய ரெண்டுலேந்து நாலு வாரம் ஆகும், ஆனா குமட்டல் மாதிரி பக்க விளைவு மொத வாரமே வந்துடும், அதனாலதான் பல பேர் சீக்கிரமே தூக்கிப் போட்டுடறாங்க. நல்லானதும் உடனே நிறுத்தக்கூடாது, கொறஞ்சது ஆறு மாசமாவது தொடரச் சொல்லுவாங்க. 25 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடுதான்னு கூட இருக்கறவங்க கவனிக்கணும். எப்பவாவது தூக்கமே இல்லாம நாலஞ்சு நாள் பயங்கர உற்சாகமா, காச தண்ணியா செலவழிச்சு இருந்திருக்கீங்கன்னா அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், அது உற்சாகமும் டிப்ரஷனும் மாறி மாறி வர்ற பைபோலாரா இருந்தா இந்த மாத்திரை மட்டும் குடுக்கறது ஆபத்து.

எல்லாருக்கும் மாத்திரை வேணும்னும் இல்ல. இங்கிலாந்தோட 2022 வழிகாட்டுதல் கடுமை கம்மியா இருந்தா எடுத்த எடுப்புல மாத்திரைய வழக்கமா நீட்டாதீங்கங்குது, கடுமையா இருந்தா தெரபியும் மாத்திரையும் சேர்த்து பாக்கலாம்ங்குது.

நடக்கறது, ஜிம், தியானம் இதெல்லாம் போதாதா?

லேசான டிப்ரஷனுக்கு உடற்பயிற்சி நிஜமாவே உதவும். கடுமையா இருக்கற ஆள்கிட்ட போய் "வாக்கிங் போ சரியாயிடும்"னு சொன்னா, பல்லு தேய்க்கவே முடியாத மனுஷன் வாக்கிங் போக முடியலங்கற குற்ற உணர்ச்சியும் சேர்த்து சுமப்பார், அவ்ளோதான்.

நான் சொல்றது வீட்டுக்கோ ஆபீசுக்கோ போயிடுமா?

ரகசியம் காக்கறது அவங்க தொழில் விதி. விதிவிலக்கு சிலது உண்டு: உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைங்க மேல கொடுமை, கோர்ட் உத்தரவு. மொத செஷன்லயே இத சொல்லணும், சொல்லலன்னா நீங்களே கேளுங்க. ஆபீஸ் மூலமா கெடச்ச தெரபினா கம்பெனிக்கு என்ன தகவல் போகும்னு தனியா கேட்டு வச்சுக்கங்க.

தெரபிஸ்ட்ட பிடிக்கல. இன்னொருத்தர்கிட்ட போனா தப்பா?

தப்பே இல்ல. எந்த முறைங்கறத விட உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல நம்பிக்கை விழுந்துச்சாங்கறது பலன்ல பெரிய பங்கு வகிக்குதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்ப சொல்லுது. ஆனா அவங்க கேட்ட ஒரு கேள்வி வலிச்சதால பிடிக்கலயா, இல்ல உங்கள மதிக்காம பேசறதால பிடிக்கலயான்னு பிரிச்சுப் பாருங்க. மொதலாவதுன்னா அத அவங்ககிட்டயே சொல்லலாம். ரெண்டாவதுன்னா கெளம்புங்க. உங்க ரகசியத்த கேட்டு நீதி போதனை பண்றவங்க, கல்யாணம் பண்ணா சரியாயிடும்ங்கறவங்க, செஷனுக்கு வெளிய நெருங்கிப் பழக பாக்கறவங்க, இவங்ககிட்ட ரெண்டாவது தடவ போகவே வேணாம்.

செத்துடலாம்னு தோணுது. யார்கிட்டயும் சொல்ல பயமா இருக்கு

இந்த எண்ணம் டிப்ரஷனோட அறிகுறி, உங்க குணத்துல இருக்கற கொறை இல்ல, சிகிச்சைல கொறையற விஷயம். இப்போ தனியா இருக்காதீங்க. நம்பற ஒரு ஆளுக்கு போன் போட்டு "எனக்கு சாகணும்னு தோணுது, கூட இரு"ன்னு இதே வார்த்தைல சொல்லுங்க, சுத்தி வளைக்க வேணாம். உங்க நாட்டு அவசர எண்ணுக்கோ தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைனுக்கோ கூப்புடுங்க, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க. உங்கள காயப்படுத்திக்க பயன்படற எது வீட்ல இருந்தாலும் அத வேற ஒருத்தர் கைல குடுத்து தள்ளி வைக்கச் சொல்லுங்க. அந்த உச்சகட்ட வேகம் பல பேருக்கு கொஞ்ச நேரத்துல தணிஞ்சுடும், அந்த நேரத்த கடத்தறதுதான் இப்போதைக்கு வேலை.

கூட இருக்கறவங்களுக்கு: நேரா கேட்டா எண்ணத்த விதைச்ச மாதிரி ஆயிடும்னு ஒரு பயம் இருக்கு, அது உண்மை இல்ல. "சாகணும்னு தோணுதா"ன்னே கேளுங்க. ஆமான்னு சொன்னா பதறாம, திட்டாம, "புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா"ன்னு ஆரம்பிக்காம கூடவே உக்காருங்க, டாக்டர்கிட்ட நீங்களே கூட்டிட்டு போங்க.

சரியான பிறகு திரும்ப வருமா?

ஒரு தடவ டிப்ரஷன் வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதி பேருக்கு இன்னொரு தடவ வருது. இத மறைக்கறதுல அர்த்தமில்ல. ஆனா ரெண்டாவது தடவ நீங்க ஒண்ணும் தெரியாத ஆள் இல்ல. மொதல்ல எது போகும், தூக்கமா, போன் எடுக்கறதா, குளிக்கறதான்னு உங்களுக்கே தெரியும், அந்த பட்டியல எழுதி வீட்ல ஒருத்தர்கிட்ட குடுத்து வைக்கலாம். அடிக்கடி திரும்பி வர்றவங்களுக்குன்னே இந்த நொடில நடக்கறத கவனிக்கற பயிற்சியான மைண்ட்ஃபுல்னஸையும் சிபிடியையும் சேர்த்து ஒரு எட்டு வார முறை இருக்கு.

மொத செஷன்ல என்ன பேசறதுன்னே தெரியல

பேச்சு வரலன்னா போன்ல எழுதிட்டு போய் அத அப்படியே காமிங்க, அவங்க இத தினமும் பாக்கறவங்க. எப்போலேந்து இப்படி, தூக்கம் எப்படி, என்னெல்லாம் மாத்திரை சாப்பிடறீங்க, குடி சிகரெட் உண்டா, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா, இந்த மாதிரிதான் பெரும்பாலும் கேப்பாங்க, பாதி நேரம் அதுலயே ஓடிடும். "ஏன் வந்தேன்னே தெரியல"ன்னு சொல்லி ஆரம்பிக்கறவங்களும் உண்டு, அங்கேந்தும் போகும்.